பளிச் வெள்ளை, க்ரீம் வெள்ளை, சாம்பல் வெள்ளை: எது எந்த ரூமுக்கு செட் ஆகும்?

சுவருக்கு அடிக்கறது வெள்ளைதானே, இதுல யோசிக்க என்ன இருக்குன்னு பெயின்ட் ஷேடு கார்டைப் பிரிச்சா பக்கம் பக்கமா வெள்ளையா ஓடுது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வேற. பேரை விட்டுத்தள்ளுங்க, அது விக்கிறவங்க வெச்சது. சாதாரண வெள்ளை பேப்பர் ஒண்ணை அந்த ஷேடு பக்கத்துல வெச்சுப் பாருங்க, எது மஞ்சளுக்கு சாயுது, எது நீலம், எது சாம்பல், எது லேசா ரோஸ்னு அப்பவே தெரிஞ்சிடும். சுத்திச் சுத்திப் பார்த்தா போட்டி மூணு பேருக்குள்ளதான்: எதுவும் கலக்காத பளிச் வெள்ளை, மஞ்சள் கலந்த க்ரீம் வெள்ளை, சாம்பலோ நீலமோ கலந்த சாம்பல் வெள்ளை.

பளிச் வெள்ளைக்குத்தான் ரசிகர் கூட்டம் அதிகம். ரூம் இருட்டா இருக்கு, பளிச்சுன்னு அடிச்சா வெளிச்சம் வந்துடும்னு நிறைய பேர் இதை எடுக்குறாங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல. பெயின்ட் வெளிச்சத்தை உண்டாக்காது, விழுற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்ளோதான். எவ்வளவு திருப்பும்னு சொல்றதுக்கு எல்ஆர்வின்னு 0-ல இருந்து 100 வரைக்கும் ஒரு கணக்கு இருக்கு, சில கார்டுல ஷேடுக்குப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, பளிச் வெள்ளை 90-ஐ ஒட்டி வரும், லேசா கலர் கலந்த ஆஃப் வைட் பலதும் 80-ஐ ஒட்டி நிக்கும். ஆனா ஜன்னலே சின்னதா இருக்கற ரூம்ல திருப்பி அனுப்ப என்ன இருக்கு? அங்க பளிச் வெள்ளை மூலைக்கு மூலை அழுக்கு சாம்பலாத்தான் தெரியும், அதே இடத்துல மஞ்சள் துளி கலந்த வெள்ளை உயிரோட இருக்கும். பளிச் வெள்ளையோட இன்னொரு குணம், சுவரோட குறை எதையும் மறைக்காது, பட்டி சரியா தேய்க்கலன்னா பக்கவாட்டுல வெயில் விழும்போது ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். பளபளப்பான ஃபினிஷ்ல எடுத்தா இன்னும் மோசம், சுவர் சுமார்னா பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் எடுங்க.

ஒரு சின்ன விஷயம், பெயின்ட்டுக்கு வெள்ளை கொடுக்கறது டைட்டானியம் டை ஆக்சைடு, அதுக்கே லேசா மஞ்சள் சாயல் உண்டு, அதனால வெள்ளைத் துணிக்கு நீலம் போடுற மாதிரி இதுலயும் துளி நீலமோ கருப்போ சேர்த்து அந்த மஞ்சளை அமுக்குறது வழக்கம். சுத்த வெள்ளைன்னு நாம நினைக்கறதுலயும் ஒரு கலர் ஒளிஞ்சிருக்கலாம்னு சொல்ல வந்தேன்.

க்ரீம் வெள்ளை கண்ணுக்கு இதம், மரக்கதவு, மரச்சாமான், சிவப்பு தரை இதெல்லாம் இருக்கற வீட்டுக்கு அப்படியே பொருந்தும். ஆனா கார்டுல பாக்குறதும் ரூம்ல பாக்குறதும் ஒண்ணு இல்ல, நாலு சுவரும் ஒண்ணோட கலரை ஒண்ணு மேல வீசிக்கிட்டே இருக்கும், அதனால மஞ்சள் ஏறித் தெரியும், கார்டுல பிடிச்சதுக்கு ஒரு படி கம்மியா எடுக்கறது நல்லது. ராத்திரி 2700 கெல்வின் மஞ்சள் பல்ப் போட்டா இன்னும் ஏறும். அப்புறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, ஜன்னல் ஃப்ரேமும் சுவிட்ச் போர்டும் வெள்ளை பிளாஸ்டிக்னா அது பக்கத்துல க்ரீம் சுவர் புதுசுலயே பழசாத் தெரியும்.

சாம்பல் வெள்ளை பத்தி சுருக்கமாவே சொல்லிடலாம். தரை சாம்பல் டைல்ஸ், வெயில் நேரா உள்ள கொட்டுற ரூம்னா அருமை, கண் கூச்சத்தைக் குறைக்கும். வெயிலே வராத ரூம்லயோ 6500 கெல்வின், அதாவது நீலம் சாய்ஞ்ச வெள்ளை ட்யூப்லைட் போட்ட ரூம்லயோ ஆஸ்பத்திரி வார்டுதான்.

இப்ப நிஜமா முடிவு பண்றது தரையும் ஜன்னலுக்கு வெளியில இருக்கறதும்தான். சிவப்பு தரை சுவரோட கீழ்ப்பாதில ரோஸ் அடிக்கும், ஜன்னல் பக்கம் மரம் அடர்த்தியா இருந்தா பகல் முழுக்க பச்சை சாயல் வரும், இதுக்கு மேல பச்சை சாய்ஞ்ச வெள்ளையைப் போட்டா பாசி பிடிச்ச மாதிரிதான் இருக்கும். அதனால சாம்பிளை பழைய சுவர்ல நேரடியா அடிச்சுப் பாக்காதீங்க, பழைய கலர் பக்கத்துல எல்லா வெள்ளையும் வெள்ளையாத்தான் தெரியும். ஒரு பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு, காய்ஞ்சதும் சுவர் சுவரா மாத்தி வெச்சு காலைல, மத்தியானம், லைட் போட்டப்புறம் பாருங்க, தரைக்குப் பக்கத்துல நிறுத்தியும் பாருங்க.

என்னைக் கேட்டா ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மஞ்சளும் சாம்பலும் ஒரு துளி ஒரு துளி கலந்த நடுவாந்திர ஆஃப் வைட், சீலிங்குக்கு மட்டும் பளிச் வெள்ளை மேட்ல. கதவுக்கு ஆயில் எனாமல் வெள்ளை வேண்டாம், அது நாளாக ஆக மஞ்சளாகும், வெளிச்சம் படாத அலமாரி உள்பக்கம் இன்னும் சீக்கிரம், தண்ணில கரையற எனாமல் எடுத்தா அந்தத் தொல்லை குறைவு. ஷேடு முடிவானதும் மொத்த டப்பாவையும் ஒரே பேட்ச்ல வாங்கி, ஒரு பெரிய பக்கெட்ல ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, டப்பாக்கு டப்பா வர்ற வித்தியாசம் வெள்ளைலயும் தெரியும், டச்சப்புக்கு கொஞ்சம் எடுத்து வெச்சு மூடி மேல ஷேடு நம்பரை எழுதிடுங்க.