இரவில் ஒருத்தர் கை வைத்தால்: நெட்வேர்க் சுவிட்ச்களை ஓரிடத்திலிருந்து ஆள மூன்று வழிகள்

2022 மின்வெட்டுக் காலம். கொழும்பு கோட்டையில் நான் வேலை பார்த்த இடத்தில், ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் யூபிஎஸ் கைவிட்டுவிட்டது. மின்சாரம் வந்து சுவிட்ச் எல்லாம் எழும்பிய பிறகும் ஒரு மாடி முழுக்க போன் வேலை செய்யவில்லை. முந்தின கிழமை இரவு ஷிப்டில் இருந்த தம்பி ஒரு வீலானைச் (நெட்வேர்க்கில் பிரித்து வைக்கும் தனிப் பகுதி) சேர்த்தவன், சேமிக்க மறந்திருந்தான். ஓடிக்கொண்டிருந்த கொன்பிக் (சுவிட்சின் அமைப்பு வரிகள்) போய், முன்பு சேமித்திருந்த பழைய ஸ்டார்ட்அப் கொன்பிக் வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து மென்பொருள் விற்க வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இரவில் ஒருத்தர் கொன்சோலில் நேரே கை வைத்தால் உங்கட சாமான் என்ன செய்யும்?"

முதலாவது, ஒக்ஸிடைஸ்ட் என்ற மென்பொருள். ஒன்றும் செய்யாது, பார்த்துச் சொல்லும். இலவசம். மாற்றாமல் விட்டால் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் போய் கொன்பிக்கை எடுத்து வரும். அதை கிட்டில் (Git, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) போட்டு வைத்தால் எந்த வரி எப்போது மாறியது என்று தெரியும். எங்களைக் காப்பாற்றியது அதுதான். அது எடுப்பது சேமித்த கொன்பிக்கை அல்ல, ஓடுகிற கொன்பிக்கை. தம்பி தட்டிய வரி அப்படியே கிடந்தது, வெட்டி ஒட்டினோம். சிஸ்கோ, எச்பி, மிக்ரோடிக் என்று கிடைத்ததை வாங்கி அடுக்கிய ரேக்குக்கும் இது ஒத்துவரும்.

இரண்டாவது, அன்சிபிள். இது சுவிட்சில் எழுதவும் தெரிந்தது. சுவிட்சில் எதையும் நிறுவ வேண்டாம், எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே போகும் வழி) போதும். ஆனால் நீங்கள் ஓட்டினால்தான் ஓடும். இரவில் நடந்தது அதற்குத் தெரியாது. வெறும் வரிகளைத் தள்ளும் மொடியூலைப் பயன்படுத்தினால், சொன்ன வரியைச் சேர்க்குமே தவிர மேலதிகமாகக் கிடப்பதைத் தொடாது. பிழையையும் அதே வேகத்தில் பரப்பும். சிஸ்கோ ட்ரங்க் போர்ட்டில் (பல வீலான்களைச் சுமக்கும் போர்ட்) வீலான் 30ஐ அனுமதிக்கும் வரியில் 'ஆட்' (add) என்ற சொல்லை விட்டுப் பாருங்கள்: பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். கையால் தட்டினால் ஒரு சுவிட்ச் விழும். இதில், நாற்பது இருந்தால் நாற்பதும் விழும். 'செக்' (ஒத்திகை) போட்டு ஓட்டினால் போகப்போகும் வரி தெரியும், அது எதை அழிக்கும் என்பது தெரியாது. ஆகவே 'சீரியல் 1' என்று ஒவ்வொன்றாக விட்டு, இடையில் ஒரு பிங் சோதனையும் (பதில் வருகிறதா என்று பார்ப்பது) வைப்பேன்.

மூன்றாவது, பெரிய ஆட்களின் கொன்ட்ரோலர்கள் (எல்லா சுவிட்சையும் ஆளும் மென்பொருள்). சிஸ்கோவின் டிசிஎன்எம் (2021இல் நெக்சஸ் டாஷ்போர்ட் ஃபப்ரிக் கொன்ட்ரோலர் என்று பெயர் மாறியது), அரிஸ்டாவின் கிளவுட்விஷன். இங்கே எது சரியான கொன்பிக் என்று முடிவெடுப்பது சுவிட்ச் இல்லை, மென்பொருள். சிஸ்கோவினதில் தம்பி கை வைத்தால் 'அவுட் ஒஃப் சிங்க்' (பொருந்தவில்லை) என்று காட்டும். இருக்க வேண்டியதையும் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும். டிப்ளோய் பண்ணினால் (மென்பொருளில் இருப்பதைச் சுவிட்சுக்குத் தள்ளினால்) அவன் போட்டதைத் தூக்கி எறியவும் கூடும். நல்லதுதான், அவன் போட்டது சரியான வரியாக இல்லாத வரைக்கும்.

லைசன்ஸ் டொலரில். அந்த 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்புறம், இரண்டுமே தங்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் ஒழுங்காகக் கவனிக்கும்: ஒன்று சிஸ்கோவின் நெக்சஸ் சுவிட்ச்களை, மற்றது அரிஸ்டாவின் இஓஎஸ் ஓடும் சுவிட்ச்களை.

ஒரே பிராண்டில் விஎக்ஸ்லான் ஃபப்ரிக் (பல சுவிட்ச்களை ஒரே வலையாக இணைக்கும் முறை) கட்டுகிறீர்களா? கொன்ட்ரோலரை வாங்குங்கள், அதற்கான இவிபிஎன் கொன்பிக்கை ஒவ்வொரு லீஃபிலும் (சேர்வர்கள் மாட்டும் சுவிட்ச்) கையால் எழுதுவது தண்டனை. கலவையாக நாற்பது ஐம்பது சுவிட்ச் என்றால் ஒக்ஸிடைஸ்டை இன்றைக்கே போடுங்கள், அன்சிபிளை மெதுவாகப் பழகுங்கள்.

ஒக்ஸிடைஸ்டுக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்குக் கொடுங்கள். அந்த கிட்டில் எஸ்என்எம்பி கம்யூனிட்டி (சுவிட்சைக் கண்காணிக்கும் இரகசியச் சொல்), கடவுச்சொல் ஹாஷ் (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம்) எல்லாம் வந்து சேரும். 'ரிமூவ் சீக்ரெட்' போட்டால் மறைக்கும். ஆனால் செத்த சுவிட்சுக்குப் பதில் புதியதை ஏற்றும் இரவில் அவற்றை நீங்களே திரும்பத் தட்ட வேண்டும்.