கப்பா, தராசா? மைதாவிடம் தோற்ற என் அட்டவணை

கேக்குக்கு மாவு, சர்க்கரை எல்லாம் அளக்க, கப்பை விட்டுத் தராசுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது, அதனால் நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தராசு. கப் மலிவு, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, பேட்டரி தீர்ந்து பாதியில் நிற்காது. சரி, அதெல்லாம் தெரிந்ததுதான்.

கிராமில் இருக்கும் செய்முறையைக் கப் கணக்குக்கு மாற்ற ஒரு அட்டவணையை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரே கப்பில் தண்ணீர் 237 கிராம், சர்க்கரை 200, தேன் 340 என்று பொருளுக்குப் பொருள் எடை மாறும் என்பதால் அது இல்லாமல் முடியாது. தண்ணீர், பால், சர்க்கரை வரைக்கும் அட்டவணை ஏமாற்றவில்லை. சர்க்கரையை எப்படி அள்ளினாலும் எடை பெரிதாக மாறாது. காலை வாரியது மைதா.

தராசு வாங்கிய அன்று சோதித்துப் பார்த்தேன். டப்பாவில் மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிக் கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டினால் 122 கிராம். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு ஒரே முகப்பாக முகந்து தலைதட்டினால் 148. அதே மாவு, அதே கை! மூன்று கப் கேட்கும் கேக்கில் 78 கிராம் கூடிவிடுகிறது, அதாவது அரை கப்புக்கும் மேல். என் கேக் ஏன் ஒரு நாள் பஞ்சாகவும் ஒரு நாள் தொண்டையில் அடைக்கிற மாதிரியும் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது, அதுவரை பாவம் ஓவன் அடுப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அட்டவணையில் எழுதியிருந்தது 125. அது தப்பில்லை, ஆனால் எழுதியவர் அள்ளிய மாதிரி நாமும் அள்ளினால்தான் அது செல்லும். இந்தக் குழப்பம் போதாதென்று கப்பே ஊருக்கு ஊர் வேறு: அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200.

தராசில் கிண்ணத்தை வைத்து பூஜ்யம் ஆக்கும் பட்டனைத் தட்டி, தேனை நேராக ஊற்றிக்கொள்ளலாம், கப்பில் ஒட்டியதை வழிக்கிற வேலை இல்லை. பாதி அளவில் செய்யும்போது ஒன்றரை முட்டை என்று வந்தாலும் அடித்து எடை போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஐந்து கிராமுக்குக் கீழே போனால் நான் ஸ்பூனுக்கே திரும்பிவிடுகிறேன். ஒரு கிராம் கணக்கில் காட்டும் தராசில் ஈஸ்ட்டையோ சோடாவையோ துளித்துளியாகப் போட்டால் முள் நகராத மாதிரி எண் அப்படியே நிற்கும், அப்புறம் திடீரென்று தாவும். ஸ்பூனும் உப்பு விஷயத்தில் யோக்கியமில்லை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஆறு கிராம் வரும், செதில் உப்பு அதில் பாதிதான் வரும். 0.1 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு இதற்கென்றே இருக்கிறது, நான் இன்னும் வாங்கவில்லை.