பெண்ட் பைப்புக்குக் கருப்பு: ஆறு ஆண்டுகள், மூன்று பூச்சுகள்

தூத்துக்குடியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்காற்று ஒருபுறம்; உப்பளச் சாலையில் முன்னால் போகும் லாரி சிந்துகிற உப்பு மறுபுறம். என் 350 சிசி பைக்கில், எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பில் குரோமியம் இரண்டாம் ஆண்டிலேயே கொப்புளம் கட்டிவிட்டது. பூச்சு தேடும் வேலை அப்போது தொடங்கியது.

முதலில் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்ட். இரண்டே நாளில் பழுப்பு, ஒரு வாரத்தில் சாம்பல். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்தது, 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்த சிலிக்கோன் வகை ஸ்பிரே. சாதாரணப் பெயிண்டில் நிறத்தைப் பிடித்துவைக்கும் பிசின் சூட்டில் கருகிப்போகும். சிலிக்கோன் பிசினிலும் ஒரு பங்கு எரியும்தான். ஆனால் சிலிக்கனும் ஆக்சிஜனும் கோத்த வலை மிஞ்சி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். சரக்கில் குறையில்லை, குறை என்னிடம். இரும்பென்றால் பிரைமர் இல்லாமலா என்று அடியில் ரெட் ஆக்சைடு அடித்துவைத்தேன். முதல் நீண்ட பயணத்தில் அது கருக, மேலே இருந்த கருப்பு அப்பளம்போலப் பொரிந்து எழுந்தது. உப்புத்தாளால் சுரண்டித் திரும்பத் திரும்ப அடித்து ஒன்றரை ஆண்டு ஓட்டினேன்.

மூன்றாம் முறையும் அதே வகை ஸ்பிரேதான், செய்முறைதான் வேறு. பைப்பைக் கழற்றி, மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவையும் பழைய பூச்சையும் எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் பட்டறையில் கொடுத்தேன். சொரசொரப்பான சாம்பல் நிறத்தில் திரும்பி வந்ததை அன்றைக்கே தின்னரால் துடைத்தேன்; ஒரு இரவு விட்டால்கூட எங்கள் ஊர்க் காற்று வேலையைக் காட்டிவிடும். பிரைமர் இல்லை. மெல்லிய பூச்சாக மூன்று. காய்ந்தபின் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஆறவைத்தேன், பிறகு இருபது நிமிடம், மறுநாள் பழைய காயல் வரை ஒரு ஓட்டம். முதல் சூட்டில் புகை வந்தது, எதிர்பார்த்ததுதான்.

நான்கு ஆண்டுகள் தாண்டிவிட்டன. சிலிண்டரை ஒட்டிய நான்கு விரற்கடை நீளம் மட்டும் வெளுத்துச் சாம்பலாகியிருக்கிறது. சூடு அதிகம் தாக்கும் இடம் அது. இன்னொரு குறை, சைலன்சர் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். துடைத்த பிறகு வெறுங்கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். மூன்றாம் மாதம் அங்கே பூச்சு உரிந்து துரு தெரிந்தது, அச்சாக என் கட்டைவிரல் அளவில். கையுறை போட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது.

பைப்பைச் சுற்றிக் கட்டும் வெப்பத்துணியை நண்பர்கள் சொன்னார்கள். மழையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் துணியை இந்த ஊரில் இரும்பின்மேல் சுற்ற எனக்கு மனமில்லை. செராமிக் பூச்சுக்குக் கேட்ட விலையில் புது பெண்ட் பைப்பே வாங்கிவிடலாம்.

சைலன்சர் கதை வேறு. அதற்கும் இதே கருப்பைத்தான் அடித்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. நானோ தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவன். அவ்வளவு தூரத்தில் சைலன்சர் நன்றாகச் சூடேறாது. புகையோடு வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகித் தங்கிவிடும். போன மாதம் சத்தம் மாறியதே என்று குனிந்து, அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். முனை உள்ளே இறங்கிவிட்டது. ஓட்டையின் விளிம்பில் கருப்புப் பூச்சு அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.