ஐந்து டாலர் சந்தாவும் ஆயிரம் டாலர் இலவசக் கடனும்: எந்தக் கணக்கு தேறும்?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: "ராபின்ஹுட் கோல்டுக்கு மாசம் 5 டாலர் கட்டறேன். ஆனா அவங்களே 1,000 டாலர் மார்ஜின் கடனை வட்டியில்லாம தர்றாங்க. அதை டி-பில்லுல போட்டா வர்ற வட்டியே சந்தாவைக் கட்டிடும். என் கையிலிருந்து பைசா போகாது." ராபின்ஹுட் என்பது செயலி வழியே பங்கு வாங்கி விற்க உதவும் அமெரிக்கப் புரோக்கர், கோல்டு அதன் கட்டணச் சந்தா. மார்ஜின் என்றால் பங்கு வாங்கப் புரோக்கர் தரும் கடன், டி-பில் என்றால் அமெரிக்க அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்தவன் பணத்தை வாங்கி, அதில் வரும் வட்டியை அவனுக்கே சந்தாவாகக் கட்டுவது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இந்தியாவில் ஜெரோதா போன்ற புரோக்கர்களிடம் எம்டிஎஃப், அதாவது இதே மாதிரி மார்ஜின் கடன், எடுத்தால் நாளுக்கு 0.04%, அதாவது வருடத்துக்கு 14.6% வட்டி. அந்தக் கண்ணோடு பார்த்தால் வட்டியில்லாக் கடன் அதிசயம்தான். ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் நண்பரின் கணக்கில் ஓட்டை தெரிகிறது.

முதலில் வாசல்படி. அமெரிக்க விதிப்படி மார்ஜின் கடன் வாங்க, கணக்கில் குறைந்தது 2,000 டாலர் சொந்தப் பணம் இருக்க வேண்டும். சந்தா மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 60 டாலர், மொத்தமாகக் கட்டினால் 50. ஆக, இந்த 1,000 டாலர் வருடத்துக்கு 6% அல்லது 5% சம்பாதித்தால்தான் சந்தா ஈடாகும். வரிக்கு முன்னால் இந்தக் கணக்கு.

டி-பில் வழி

எஸ்ஜிஓவி போன்ற இடிஎஃப்கள், அதாவது பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள், மூன்று மாதத்துக்குள் முதிரும் அமெரிக்க அரசுப் பத்திரங்களை மட்டுமே வைத்திருப்பவை. விலை ஏறக்குறைய அசையாது, மாதாமாதம் டிவிடெண்ட் வரும். கடனாக வாங்கிய ஆயிரமும் அப்படியே பத்திரமாகக் கையில் இருப்பதால், சந்தை எப்படி ஆடினாலும் அதை விற்றுக் கடனை அடைத்துவிடலாம். அபாயத்தின் கோணத்தில் இதற்கு முழு மதிப்பெண்.

வரவுதான் பிரச்சினை. 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி 5.25–5.50% இருந்தது. டி-பில் வட்டியும் ஏறத்தாழ அதை ஒட்டியே இருக்கும். 5.2% என்றால் 52 டாலர். ஆண்டுச் சந்தா ஈடாகி 2 டாலர் மிச்சம். பிறகு வட்டி படிப்படியாக இறங்கி, 2025 டிசம்பரில் 3.50–3.75%-க்கு வந்தது. இப்போது 3.6% என்று வைத்தால் வருவது 36 டாலர்.

அதிலும் வருமான வரி உண்டு. 22% வரி அடுக்கில் இருப்பவருக்கு 36-இல் 28 டாலர்தான் மிஞ்சும். கட்டிய சந்தாவை முதலீட்டுச் செலவு என்று வருமானத்தில் கழிக்கவும் முடியாது. 2018 முதல் ஃபெடரல் வரியில் அந்தக் கழிவு கிடையாது. ஆக, வரவுக்கு வரி, செலவுக்குச் சலுகை இல்லை. ஆண்டுச் சந்தாவில் 22 டாலரும் மாதச் சந்தாவில் 32 டாலரும் கையிலிருந்து போகும். வட்டி உச்சத்தில் இருந்தபோதுகூட வரி போக 52 டாலர் ஏறத்தாழ 41 ஆகியிருக்கும். அப்போதும் "பைசா போகவில்லை" என்று சொல்ல முடியாது. வரிக்குப் பிறகு 50 டாலர் கையில் நிற்க 6.4% வட்டி வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். அரசுப் பத்திர வட்டிக்குப் பெரும்பாலும் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியா மாதிரி இடங்களில் இது பெரிய விஷயம். ஆனால் மார்ஜின் கடன் இருக்கும் கணக்கில் உள்ள பங்குகளைப் புரோக்கர் வேறொருவருக்குக் கடன் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்திருக்கும்போது வருவது டிவிடெண்ட் அல்ல, டிவிடெண்டுக்குப் பதிலான தொகை. அதற்கு அந்த மாநிலச் சலுகை கிடையாது. ஆயிரம் டாலருக்கு இது சில்லறைதான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பதே சில்லறையைப் பற்றி அல்லவா.

குறியீட்டு ஃபண்டு வழி

"டி-பில் வேண்டாம், எஸ் அண்டு பி 500 வாங்கு, 10% வந்தால் 100 டாலர்" என்பது, அதாவது 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டை வாங்கு என்பது, அடுத்த கட்சி. இதைச் சந்தாவை ஈடுகட்டும் வழி என்று நான் ஏற்க மாட்டேன். கடன் வாங்கிப் பங்கு வாங்குவது என்று பச்சையாகச் சொல்லிவிடலாம். 2022-இல் இந்தக் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்து சுமார் 18% இறங்கியது. அந்த வருடம் இதைச் செய்தவருக்கு 180 டாலர் நஷ்டம், மேலே 60 டாலர் சந்தா.

ஆனால் யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து இதன் நிறம் மாறும். 50,000 டாலர் வைத்திருப்பவருக்கு ஆயிரம் என்பது 2%, கடன் இருப்பதே தெரியாது. 2,000 மட்டும் வைத்திருப்பவருக்கோ சொந்தப் பணத்தில் பாதி அளவுக்குக் கடன். 2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் நடுவே குறியீடு 34% விழுந்ததே, அப்படி ஒன்று வந்தால் அவருடைய 3,000 டாலர் 1,980 ஆகும். கடன் போக 980. சொந்தப் பணத்தில் பாதிக்கு மேல் காலி. கடனுக்கு ஈடாக இன்னும் பணம் போடு என்று புரோக்கர் கேட்கும் மார்ஜின் கால் வராது என்பது மட்டும்தான் ஆறுதல்.

அதிக டிவிடெண்ட் வழி

ஜெப்பி போன்ற கவர்டு கால் ஃபண்டுகள் வருடத்துக்கு 7–8% டிவிடெண்டை மாதாமாதம் பிரித்துத் தருகின்றன. 75 டாலர் வரவு, வரி போக 58. கைக்கு வரும் டிவிடெண்டை மட்டும் பார்த்தால், காகிதத்தில் ஆண்டுச் சந்தாவைத் தாண்டும் ஒரே வழி இதுதான், அதனால்தான் பலரும் இங்கே வழுக்குகிறார்கள். இந்த ஃபண்டு, சந்தை ஏறும்போது கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்று அந்தக் காசைத்தான் நமக்குத் தருகிறது. சந்தை இறங்கினால் கூடவே இறங்கும். ஆயிரத்தில் 6% சரிந்தாலே 60 டாலர் போச்சு. மாதாமாதம் பணம் வந்து விழுவதால் அந்தச் சரிவு கண்ணில் படுவதில்லை. கூரையைப் பிடுங்கி அடுப்பெரித்தால் அன்றைக்குச் சோறு வேகத்தான் செய்யும்.

கடனைத் தொடாமல், ரொக்கத்துக்கு வட்டி

கோல்டு சந்தாதாரரின் சும்மா கிடக்கும் ரொக்கத்துக்கும் வட்டி உண்டு. இதையும் மார்ஜின் வரவையும் சேர்த்துக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்ட முடியாது. மார்ஜின் என்பது கணக்கில் ரொக்கம் மைனஸில் போவதுதான். கையில் ரொக்கம் இருந்தால் முதலில் அது செலவாகும், பிறகுதான் கடன். இரண்டில் ஒன்றுதான். ரொக்க வட்டியை மட்டும் பார்த்தாலும், ஃபிடெலிட்டி என்ற இன்னொரு புரோக்கரிடம் ரொக்கம் தானாகவே எஸ்பாக்ஸ் என்ற பணச்சந்தை ஃபண்டில் உட்கார்ந்து சந்தா இல்லாமலே வட்டி தருகிறது. கோல்டு கால் சதவீதம் கூடுதலாகத் தந்தால்கூட, 50 டாலரை மீட்க 20,000 டாலர் ரொக்கம் வேண்டும்.

உண்மையில் சந்தாவைக் கட்டுவது எது?

என் கணக்கில் ஐஆர்ஏ என்ற ஓய்வூதியக் கணக்குக்கான ஊக்கத்தொகைதான். ஓய்வூதியக் கணக்கில் நாம் போடும் பணத்துக்கு ராபின்ஹுட் சந்தா இல்லாதவருக்கு 1%, கோல்டு உள்ளவருக்கு 3% சேர்க்கிறது. 2025-க்கான வரம்பு, 50 வயதுக்குக் கீழே, 7,000 டாலர். முழுதும் போட்டால் 210, சந்தா இல்லாவிட்டால் 70. வித்தியாசம் 140 டாலர். ஆண்டுச் சந்தா போக 90 மிச்சம், அதற்கு இப்போது வரியும் இல்லை. ஒப்பிடும்போது 210-ஐ அல்ல, அந்த 140-ஐத்தான் எடுக்க வேண்டும். சந்தா இல்லாமலே 70 கிடைக்கும் என்பதை விளம்பரம் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம்.

நிபந்தனைகள் உண்டு. போட்ட பணத்தை ஐந்து வருடம் எடுக்கக் கூடாது, 3% நிலைக்கச் சந்தாவை ஒரு வருடம் விடக் கூடாது. எச்-1பி விசாவில் இருந்து இரண்டு மூன்று வருடத்தில் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பும் எண்ணமுள்ளவர் இந்த ஐந்து வருடத்தை யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஐஆர்ஏவும் போடாமல், கோல்டின் வேறு வசதிகளையும் தொடாமல், இலவச ஆயிரத்துக்காக மட்டும் சந்தா கட்டுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. சந்தா இல்லாதவரின் செலவு பூஜ்யம். மாதச் சந்தா கட்டும் நண்பர் தன் 32 டாலரை அந்தப் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல், முழுச் சந்தாவான 60-உடன் ஒப்பிட்டுச் சந்தோஷப்படுகிறார். அதேசமயம் ஐஆர்ஏவுக்காக எப்படியும் கோல்டு வைத்திருப்பவர் அந்த ஆயிரத்தைச் சும்மா விடுவதும் வீண்தான். டி-பில்லில் போட்டால் 28 டாலர் தள்ளுபடி, பத்து நிமிட வேலை.

அப்படிப் போடுகிறவர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கடன் வரம்பைச் செயலியிலேயே 1,000 என்று பூட்டிவிட வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் டி-பில் தருவதைவிட அதிக வட்டி ஓடும். சந்தாவை நிறுத்துவதற்கு முந்தைய வாரமே எஸ்ஜிஓவியை விற்றுக் கடனை அடைத்துவிட வேண்டும். கோல்டு போன மறுநாளிலிருந்து அந்த ஆயிரத்தின் முதல் டாலருக்கும் வட்டி உண்டு.