ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் டிரிபிள் 765 ஆர்.எஸ்.: இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலும் கொல்லிமலைச் சாலையிலும்

குதிரைத்திறனை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் டிரிபிள் 765 ஆர்.எஸ். விலை அதிகமான பைக்காகவே தெரியும். 2023 ஜூன் மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது இதன் ஷோரூம் விலை 11.81 லட்சம் ரூபாய். 948 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜினும் 125 பி.எஸ். திறனும் கொண்ட கவாசாகி இசட்900 அப்போது இதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஸ்ட்ரீட் டிரிபிள் தருவது 130 பி.எஸ்.; வெறும் 5 பி.எஸ். கூடுதலுக்காக யாரும் இவ்வளவு பணம் கொடுக்க மாட்டார்கள். கூடுதல் பணம் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் டயரிலும் போயிருக்கிறது. அது வீண்போகவில்லை என்பதைப் பந்தய ட்ராக்கில் முதல் சில சுற்றுகளிலேயே உணர முடிகிறது. ஆனால் நம் சாலைகளில் அதில் எவ்வளவு நமக்குப் பயன்படுகிறது என்று கேட்டால், பதில் அவ்வளவு எளிதாக வராது.

ஸ்ட்ரீட் டிரிபிள் முதலில் 2007-இல் 675 சி.சி. இன்ஜினுடன் வந்தது, 2017-இல் அது 765 சி.சி. ஆக வளர்ந்தது. 2019 முதல் மோட்டோ2 உலகப் பந்தயத்தில் எல்லா அணிகளும் ட்ரையம்ஃபின் 765 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினைத்தான் பயன்படுத்துகின்றன. பந்தய இன்ஜினைத் தயாரித்தபோது கிடைத்த அனுபவம் சாலை பைக்குக்கும் வந்திருக்கிறது என்று நிறுவனம் விளம்பரம் செய்கிறது. பொதுவாக இப்படிப்பட்ட விளம்பரங்களை நான் பாதிதான் நம்புவேன். இருந்தாலும், 2023 மாடலில் கம்ப்ரெஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவை) 13.25:1 ஆக உயர்த்தி, கியர் விகிதங்களையும் நெருக்கமாக்கியிருப்பதன் பலன் ஓட்டும்போது கைக்குத் தெரிகிறது.

மூன்று சிலிண்டர் இன்ஜினின் குணம் தனியானது. இரண்டு சிலிண்டர் பைக்குகள் குறைந்த ஆர்.பி.எம்.-இல் முரட்டுத்தனமாக இழுத்துவிட்டு மேலே போகப்போக மூச்சு வாங்கும். நடுத்தரக் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பைக்குகளோ மேலே போனால்தான் விழித்துக்கொள்ளும். இந்த இன்ஜினில் உச்ச இழுவிசையான 80 நியூட்டன் மீட்டர் 9,500 ஆர்.பி.எம்.-இலும் உச்சத் திறன் 12,000 ஆர்.பி.எம்.-இலும் வருகின்றன. தாளில் பார்த்தால் இரண்டுமே மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 5,000 ஆர்.பி.எம்.-இலிருந்தே இழுவை போதுமான அளவுக்கு இருப்பதால், ஒரு வளைவுக்குள் ஒரு கியர் அதிகமாக வைத்து நுழைந்துவிட்டாலும் வெளியே வரும்போது பைக் சோர்ந்து நிற்பதில்லை. ட்ராக்குக்குப் புதியவர்களுக்கு இது பெரிய உதவி. கியரைப் பற்றிய கவலை குறைந்தால், எங்கே பார்க்க வேண்டும், எங்கே பைக்கைத் திருப்ப வேண்டும் என்பதில் மனம் நிற்கும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக, இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். நீளம் சுமார் 3.7 கி.மீ.; வளைவுகள் 12. அங்கே ஓட்டுகிறவர்கள் வளைவுகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, சி1, சி2 என்று எண்ணாலேயே அழைப்பார்கள். நேர்ப்பாதையின் முடிவில் வரும் சி1-ஐ நல்ல வேகத்தோடு கடந்துவிட்டு, சி2-க்காகப் பிரேக் பிடிக்கும் இடம்தான் ஒரு பைக்கின் முன்பகுதியைச் சோதிக்கும் இடம். அங்கே எடை முழுவதும் முன் சக்கரத்துக்கு வருகிறது. ஓட்டுகிறவர் தொடைகளால் டேங்கை இறுக்கிப் பிடிக்காவிட்டால் உடல் எடை ஹேண்டில்பாரில் இறங்கி, பைக் திரும்ப மறுக்கும். ஸ்ட்ரீட் டிரிபிளின் முன்புறம் 310 மி.மீ. இரட்டை டிஸ்க்குகளும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரெம்போ ஸ்டைலெமா காலிப்பர்களும் இருக்கின்றன. இதே வகைக் காலிப்பர்கள் இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள சூப்பர்பைக்குகளிலும் வருகின்றன. லீவரை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிரேக் பிடிக்கும் என்பது விரலுக்கு உடனே பழகிவிடுகிறது. அதைவிட முக்கியம், பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே பைக்கை வளைவுக்குள் சாய்க்கும்போது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஷோவா ஃபோர்க் திடீரென்று மேலே எழும்பாமல் சீராக எழுகிறது. 188 கிலோ எடையும் 1,399 மி.மீ. வீல்பேஸும் (இரு சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட நீளம்) கொண்ட பைக் என்பதால் இப்படித் திருப்புவதற்குப் பெரிய உடல் பலம் தேவைப்படுவதில்லை.

ஸ்ட்ரீட் டிரிபிள் ஒரு நேக்கட் பைக், அதாவது காற்றைத் தடுக்கும் வெளிக்கூடு இல்லாத பைக்; அதன் அகலமான ஹேண்டில்பார் இங்கே சாதகமாகிறது. அடுத்தடுத்து இடமும் வலமும் மாறும் வளைவுகளில், தாழ்வான, குறுகலான கிளிப்-ஆன் ஹேண்டில் பொருத்திய சூப்பர்ஸ்போர்ட் பைக்கைவிட இதைப் பக்கம் மாற்றுவது சுலபம். கை சற்று அழுத்தினாலே போதும். அதற்கான விலையை நேர்ப்பாதையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. 180 கி.மீ. வேகத்தைத் தாண்டிய பிறகு காற்று நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் நேராக மோதுகிறது. முன்னாலிருக்கும் சிறிய காற்றுத் தடுப்பான ஃப்ளைஸ்கிரீன் அழகுக்கு மட்டுமே. டேங்கின் மேல் தாடை படும்படி குனிந்துகொண்டாலும் தோள்கள் காற்றிலேயே இருக்கும். காற்றைச் சமாளிக்க ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் அப்படியே பைக்குக்குப் போய், முன்பகுதி லேசாக ஆடத் தொடங்கும். பயிற்சியாளர்கள் கைகளைத் தளர்வாக வைக்கச் சொல்லி ஏன் ஓயாமல் நச்சரிக்கிறார்கள் என்பது நேக்கட் பைக்கில் சீக்கிரமே விளங்கிவிடுகிறது.

மின்னணு உதவிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரெயின், ரோடு, ஸ்போர்ட், ட்ராக், ரைடர் என்று ஐந்து மோடுகள் இருக்கின்றன. சாய்வைக் கணக்கிடும் ஏ.பி.எஸ்.-ஸும் பின் சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலும் இருக்கின்றன. ட்ராக் மோடில் அவற்றின் தலையீடு குறைகிறது. கிளட்ச் பிடிக்காமலேயே கியரை ஏற்றவும் இறக்கவும் உதவும் குவிக்ஷிஃப்டர், ஆர்.பி.எம். உயர்வாக இருக்கும்போது மிகத் துல்லியமாகவும், நகர வேகத்தில் சற்றுக் கரடுமுரடாகவும் இருக்கிறது. ஐந்து அங்குலத் திரையில் விவரங்கள் நெருக்கமாக இருப்பதால் ட்ராக்கில் ஒரு பார்வையில் படிக்க முடிவதில்லை.

இந்த மாடலுடன் வரும் பிரெல்லி டையாப்லோ சூப்பர்கோர்ஸா எஸ்.பி. டயர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை வெயிலில் ட்ராக்கின் தார் கொதிக்கும்போது இந்த டயர் இரண்டு மூன்று சுற்றுகளிலேயே வேலை செய்யும் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு அதன் பிடிமானம் பெரும்பாலான ஓட்டுநர்களின் துணிச்சலைவிட அதிகம். சாலைக்காகச் சொல்லப்பட்டிருக்கும் காற்றழுத்தத்துடன் ட்ராக்கில் இறங்கக் கூடாது. டயர் சூடாகும்போது உள்ளே அழுத்தம் மேலும் ஏறி, தரையைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு செஷனும் முடிந்தவுடன் டயர் சூடாக இருக்கும்போதே அளந்து பார்த்துச் சரிசெய்துகொள்வதுதான் முறை. மதியத்துக்குமேல் பின் டயரின் ஓரங்களில் ரப்பர் சுருள் சுருளாக உரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இதே டயரோடு டிசம்பர் மாத விடியற்காலையில் கொல்லிமலை ஏறினால் வேறொரு பைக்கை ஓட்டுவது போலிருக்கும். காரவள்ளியிலிருந்து மேலே போகும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலானவற்றை முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோதான் எடுக்க முடியும். பனியில் நனைந்த தாரில், அவ்வளவு குறைந்த வேகத்தில், சூப்பர்கோர்ஸா சூடேறவே வழியில்லை. பள்ளங்கள் குறைவான டயர் என்பதால் மழை நீரில் இன்னும் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் பைக்கை வெளியே எடுக்கிறவர்கள் சாலை டயருக்கு மாறிவிடுவதே நல்லது.

கொல்லிமலையில் இன்னொரு விஷயமும் பிடிபடும். இந்தப் பைக்கின் ஹேண்டில் இரு பக்கமும் திரும்பும் அளவு குறைவு. வாகன நிறுத்தத்தில் திருப்புவதற்கே முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருக்கும். குறுகலான வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வரும்போது, 836 மி.மீ. உயரமான இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கால் ஊன்ற இடம் தேடுவது உயரம் குறைந்தவர்களுக்கு நிச்சயம் சிரமம். ஆனால் வளைவுகளுக்கு இடையில் சாலை சற்று விரிந்து, வளைந்து நெளிந்து ஓடும் இடங்களில், மூன்றாம் கியரில் வைத்துவிட்டுத் த்ராட்டிலை மட்டுமே ஏற்றி இறக்கி ஓட்டும் சுகத்துக்கு ஈடாக நான் ஓட்டிய பைக்குகளில் வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை. அந்த வேகத்தில் இன்ஜினின் பாதித் திறன்கூடச் செலவாவதில்லை.

ஆர்.எஸ்.-இன் சஸ்பென்ஷனை நிறுவனம் கொடுத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் போனால் முதுகு முறையிடும். முன்புற ஃபோர்க் 115 மி.மீ. மட்டுமே நகர்கிறது, பின்புறத்து ஓலின்ஸ் ஷாக் 131 மி.மீ. அளவுக்கு நகர்கிறது. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று எதிர்பாராமல் வந்தால் இரண்டும் கடுமையாகவே பதில் சொல்லும். நல்லவேளையாக இரண்டையும் முழுமையாக மாற்றியமைக்க முடியும். சாலைக்காக, சஸ்பென்ஷன் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பை (இதையும் கம்ப்ரெஷன் என்பார்கள்) சில கிளிக்குகள் தளர்த்தி, ட்ராக் நாளன்று மறுபடி இறுக்கிக்கொள்வது என் வழக்கம். எந்த நிலைக்கு எத்தனை கிளிக் என்பதைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால் குழப்பம்தான். நகர நெரிசலில் இன்ஜின் சூடு தொடையில் அடிப்பதற்கு இப்படி ஒரு வழியும் கிடையாது. பூந்தமல்லி சிக்னல்களில் மே மாத மதியத்தில் நிற்கிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வருடத்துக்குச் சில முறையாவது ட்ராக்குக்குப் போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கு நான் ஆர்.எஸ். மாடலைப் பரிந்துரைக்க மாட்டேன். அதே 2023 ஜூன் மாதம் 10.17 லட்சத்துக்கு வந்த ஆர். மாடலில் 120 பி.எஸ்., சற்றுத் தாழ்வான இருக்கை, பிரெம்போவின் எம்4.32 காலிப்பர்கள், சாலைக்கேற்ற கான்டினென்டல் டயர்கள் ஆகியவை வருகின்றன. ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போய்வருகிற ஒருவர் அந்த 10 பி.எஸ். வித்தியாசத்தை ஒருநாளும் தேடப் போவதில்லை. ஓலின்ஸின் அருமையும் சாலை வேகத்தில் முழுதாகத் தெரியாது. மிச்சமாகும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தொகையில் நல்ல லெதர் சூட், பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் வாங்கிவிடலாம், பிறகு ஆர். மாடலையே ட்ராக்குக்குக் கொண்டுபோய்ப் பழகலாம்.

இப்போது வாங்குகிறவர்கள் 2023-ஆம் ஆண்டு விலைகளை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதன்மேல் சாலை வரியும் காப்பீடும் சேரும். ஷோரூமில் ஆன்-ரோடு தொகையை எழுதி வாங்கும்போதே ஒரு ஜோடி சூப்பர்கோர்ஸாவின் விலையையும் கையிருப்பையும் கேட்டுவிடுங்கள். ட்ராக்கில் தவறாமல் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலைவிட டயருக்குத்தான் அதிகம் செலவாகும்.