ஈராசிரியர் பள்ளி: வகுப்பைப் பிரிப்பதா, பாடத்தைப் பிரிப்பதா?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஈராசிரியர் பள்ளி என்றால் அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர்களைப் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் தருகிறது: 60 பேர் வரை இருவர், 90 வரை மூவர், 120 வரை நால்வர். வகுப்பு எத்தனை என்பது அந்தக் கணக்கிலேயே வராது. அதனால் ஒன்றாம் வகுப்பில் நாலு பேர், மூன்றாம் வகுப்பில் ஏழு பேர் என்று உட்கார்ந்திருக்கும் பள்ளியில் யார் யாருக்கு எதை நடத்துவது என்பதை, ஜூனில் கால அட்டவணை எழுதும்போது தலைமையாசிரியரும் உதவி ஆசிரியரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வழி இரண்டு. ஒன்று, வகுப்பைப் பிரிப்பது: 1, 2, 3 ஒருவருக்கு, 4, 5 இன்னொருவருக்கு. அவரவர் வகுப்புக்கு எல்லாப் பாடமும் அவரவரே. மற்றொன்று, பாடத்தைப் பிரிப்பது: தமிழும் சமூக அறிவியலும் ஒருவர், கணக்கும் அறிவியலும் இன்னொருவர், ஆங்கிலத்தை யாருக்குத் தைரியம் அதிகமோ அவர். காலையில் ஓர் அறை, மதியம் மறு அறை. உதவி ஆசிரியராக இருந்த பள்ளியில் பாடப் பிரிவினையில் வேலை பார்த்தேன். தலைமையாசிரியராக வந்த பிறகு இங்கே வகுப்புப் பிரிவினையை வைத்துக்கொண்டேன்: 4, 5 எனக்கு, 1, 2, 3 உதவி ஆசிரியரான டீச்சருக்கு. நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

பாடப் பிரிவினைக்குச் சாதகமானவை எல்லோருக்கும் தெரிந்தவை. கணக்கென்றாலே கை நடுங்குகிறவர் கணக்கைத் தொட வேண்டாம். பாட்டும் கதையுமாகத் தமிழ் நடத்தும் டீச்சரின் கைவண்ணம் ஐந்து வகுப்புக்கும் கிடைக்கும். பிள்ளைகளும் நாள் முழுக்க ஒரே முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தயாரிப்பு வேலை குறைவு என்பார்கள். பாடங்கள் குறைகின்றன, வகுப்புகள் ஐந்தாகின்றன, ஆகவே அது பாதி உண்மை. ஒரு சங்கடமும் உண்டு. கணக்கு ஆசிரியர் ஒருவரே என்பதால் இரண்டு அறைக்கும் காலையில் கணக்கு வைக்க முடியாது. ஒரு கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கழித்தலும் வகுத்தலும். வாரம் மாற்றி வாரம் வைத்துச் சமாளிப்பதுண்டு. அப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘இன்னைக்கு எங்களுக்கு யாரு சார் முதல்ல?’ என்ற கேள்வியோடுதான் விடியும்.

1 முதல் 3 வரை ஒரே கூட்டமாக வைப்பதற்கு இப்போது கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாகத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த மூன்று வகுப்பையும் ஒன்றாகவே பார்க்கிறது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறுவரிசையில் நிலைகள். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், அது அவன் குற்றமில்லை. 2023-24இல் 4, 5 வகுப்புகளுக்கும் திட்டம் வந்தது. ஒரே பிள்ளை தமிழில் மொட்டாகவும் கணக்கில் அரும்பாகவும் இருப்பது சாதாரணம். அந்த இரண்டையும் ஒருவரே மனதில் வைத்திருந்தால் குழு பிரிப்பதும் சுலபம், மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதும் சுலபம்.

என்னை முடிவெடுக்க வைத்தது, ஒருவர் பள்ளியில் இல்லாத நாளும் அதற்கு மறுநாளும்தான்.

ஈராசிரியர் பள்ளியில் எழுத்தர், கணக்கர், தபால்காரர் எல்லாம் தலைமையாசிரியரே. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், வட்டார வள மையத்தில் பயிற்சி, நோட்டுப் புத்தகம் எடுத்துவர ஒரு நாள், பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்குக்காக வங்கியில் ஒரு முற்பகல். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. அதே மூச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்குத் தருகிறது. அந்த விலக்கின் கனம் என்னவென்று, வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கும் ஆசிரியரைப் பட்டியல் திருத்தும் மாதத்தில் கேட்டால் சொல்வார். இதோடு சொந்தத் தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும்.

அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் பாடப் பிரிவினையே மேல். இருக்கும் ஆசிரியருக்கு ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், கையெழுத்தும் தெரியும். நாள் முழுக்கத் தன் பாடத்தையே நடத்திவிடுவார். வகுப்புப் பிரிவினையில் அப்படியில்லை. நான் கூட்டத்துக்குப் போனால் 4, 5 பிள்ளைகள் டீச்சரின் அறையில் பின்வரிசையில் போய் உட்காருவார்கள். அங்கே அவர்கள் விருந்தாளிகள். முந்தின நாள் மாலையே ஒரு சார்ட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் நான்காம் வகுப்புக்குச் சில பெருக்கல்கள், மறுபக்கம் ஐந்தாம் வகுப்புக்கு ‘மாமாவுக்கு ஒரு கடிதம்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போவேன். ஐந்தாம் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவர்கள் ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசித்துக் காட்டுவார்கள். அதைப் பாடம் நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளை அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் தானே படிக்கும் செயல்வழிக் கற்றல் காலத்தில் இந்தச் சிக்கல் பாதிதான் இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த அந்த முறைக்கு மூலம், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. பாடத்தின் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். அட்டையைத் தானே போய் எடுக்கும். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, பெற்றோர் ‘புத்தகமே காணோமே சார்’ என்றார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஆசிரியர் வராத நாளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட முறை அது. அதற்குப் பின் வந்தவற்றில் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

மறுநாளுக்கு வருவோம். பாடப் பிரிவினையில் கணக்கு ஆசிரியர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தால் ஐந்து வகுப்புக்கும் இரண்டு நாள் கணக்கு போயிருக்கும். ஈடுகட்ட அவரிடம் நேரமில்லை. ஒவ்வோர் அறையிலும் அவருக்கு அரை நாள்தான் சொந்தம். கூடுதல் நேரம் வேண்டுமானால் தமிழ் டீச்சரிடம் கேட்க வேண்டும். அவர்தான் இரண்டு நாளும் தமிழே நடத்தினாரே, திருப்பித் தரலாமே என்று தோன்றும். ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் அடைத்து வைத்துக்கொண்டு நடத்தியதில் பாடம் எவ்வளவு நகர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் தடவை சிரித்துக்கொண்டே கொடுப்பார். அடுத்தடுத்து என்றால் அவருக்கும் பருவத்துக்குள் முடிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. கேட்பவர் தலைமையாசிரியர் என்றால் மறுக்கவும் முடியாது, மனசுக்குள் வைத்துக்கொள்வார். அப்படியே கொடுத்தாலும் இன்னொரு முடிச்சு: கணக்கு ஆசிரியர் பெரிய பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால், சின்னப் பிள்ளைகளிடம் தமிழ் டீச்சர் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாக வேண்டும். பெரியவர்களுக்குக் கிடைத்த கணக்கு, சின்னவர்களின் கணக்கிலிருந்து பிடுங்கியது.

வகுப்புப் பிரிவினையில் நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாள் முழுக்க 4, 5 என் பொறுப்பு. சமூக அறிவியலை வியாழனுக்குத் தள்ளிவிட்டுக் காலை முழுக்கப் பின்னம் நடத்தலாம். பின்னம் பிடிபட்டுவிட்டால் பாதியிலேயே நிறுத்திவிட்டு வேறு பக்கம் போகலாம். பக்கத்து அறையில் பாட்டுச் சத்தம் அதன் போக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்பது சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம். அந்த மணி நேரங்களை எங்கே போடுவது என்பது ஒருவர் கையில் இருந்தால் விட்டதைப் பிடித்துவிடலாம். இரண்டு பேரிடம் பேசிப் பெற வேண்டியிருந்தால் விட்டது விட்டதுதான். என் அனுபவத்தில் பார்த்தது அது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடிக்கடி வெளியே போகிறவர் 4, 5ஐத்தான் எடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சார்ட்டில் வேலை எழுதிவைத்துவிட்டுப் போக முடியாது. பள்ளியில் அனுபவம் அதிகமுள்ளவர் தலைமையாசிரியர் என்றால், அந்த அனுபவம் எழுத்தறியும் வயதுக்குக் கிடைக்காமல் போகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒருவரே எல்லாப் பாடமும் எடுப்பதால் வந்த லாபம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு பெண். 31இலிருந்து 14ஐக் கழி என்று எண்ணாகப் போட்டுக் கொடுத்தால் கடன் வாங்கி 17 என்று சரியாக எழுதிவிடுவாள். ‘ஒரு கூடையில் 31 கொய்யாப்பழங்கள் இருந்தன. அவற்றில் 14 விற்றுப்போயின. மீதி எத்தனை?’ என்று எழுதிக் கொடுத்தால் 45. அதே கணக்கை நான் வாயால் சொன்னதும் ‘பதினேழு சார்’ என்றாள். ‘விற்றுப்போயின’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு வாக்கியம் மறந்துபோகிறது. கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டிவிடுகிறாள். காலையில் அவள் வாசித்ததைக் கேட்டவனும் மதியம் அவள் கணக்கு நோட்டைத் திருத்தியவனும் ஒரே ஆள் என்பதால் இது பிடிபட்டது. பாடம் பிரிந்திருந்தால் ஒரு பதிவேட்டில் ‘கணக்கு வரவில்லை’, இன்னொன்றில் ‘வாசிப்பு மெதுவு’ என்று இருந்திருக்கும். இருவரும் பேசிக்கொண்டால் தெரியாதா என்று கேட்கலாம். ஈராசிரியர் பள்ளியில் இருவரும் சேர்ந்து நிற்கும் நேரம் சத்துணவு பரிமாறும் நேரம்தான். அப்போது யாருக்கு முட்டை விட்டுப்போனது என்பதே பெரிய பேச்சு.

வகுப்புப் பிரிவினையின் பெரிய ஆபத்து, ஆசிரியர் சரியில்லை என்றால் பிள்ளைக்கு மூன்று ஆண்டு தப்ப வழியில்லை. பாடப் பிரிவினையில் பாதி நாளாவது தப்பும். இதைச் சொல்லி யாராவது பாடப் பிரிவினையைத் தேர்ந்தெடுத்தால் நான் வாதாட மாட்டேன். மறுபுறம், கலந்தாய்வில் ஒருவர் மாறுதலாகி இடம் காலியாகக் கிடக்கும் மாதங்களில் மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புவார்கள். அவரிடம் ‘இதோ உங்கள் வகுப்பு’ என்று ஒப்படைப்பது எளிது. ‘ஐந்து வகுப்புக்கும் கணக்கு’ என்று ஒப்படைத்தால், பிள்ளைகளின் பெயர் படிவதற்குள் அவர் திரும்பிப் போய்விடுவார்.

ஆங்கிலத்தில் மட்டும் நானும் கொஞ்சம் பாடப் பிரிவினைக்காரன். டீச்சரின் வாசிப்பு என்னுடையதைவிடத் தெளிவு. வெள்ளிக்கிழமை மதியம் அறை மாறிக்கொள்கிறோம்: அவர் 4, 5க்கு ஆங்கிலம் வாசித்துக் காட்டுவார், நான் சின்னவர்களோடு புளியங்கொட்டை வைத்துப் பத்து பத்தாகக் கட்டிக்கொண்டிருப்பேன். நான் இல்லாத வெள்ளியில் அது கிடையாது. யாரும் யாருக்கும் நேரம் பாக்கி இல்லை.

பிள்ளைகள் 60ஐ நெருங்கும் ஈராசிரியர் பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை. 1 முதல் 3 வரைக்கே 35 பேர் என்றால் அதை ஒருவர் தலையில் கட்டுவது சரிப்படுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1, 2 ஒருவர், 3, 4, 5 ஒருவர் என்று வைக்கிறவர்களும் உண்டு. நடுநிலைப் பள்ளியின் கதை வேறு. அங்கே 6 முதல் 8 வரை அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி என்று பாடவாரியாக ஆசிரியர் வேண்டும் என்று சட்டமே கேட்கிறது.

இந்த ஜூனில் அட்டவணை எழுதப்போகிறவர்கள் பழைய வருகைப் பதிவேட்டையும் வேலையாக வெளியே போவதைக் குறித்துவைக்கும் மூவ்மென்ட் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயர் அதிகம் வெளியே போயிருக்கிறதோ அவருக்கு 4, 5. இருவருமே அபூர்வமாகத்தான் வெளியே போகிறார்கள் என்றால், அப்படி ஒரு பள்ளி அமைந்தால், பாடத்தைப் பிரித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.