கடலில் மிதப்பவற்றை இனங்காண உதவும் 7×50 பைனாகுலர்

திசைகாட்டி பொருத்தப்பட்ட இந்த 7×50 பைனாகுலரை நான் வாங்கியது, கடலில் தொலைவில் மிதப்பது மரக்கட்டையா, மிதவையா, உயிரினமா என்று உறுதிசெய்துகொள்ளத்தான். ஏழு மடங்குக்கு மேல் பெருக்கும் கருவிகள் தளம் ஆடும்போது கைநடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கிவிடுவதால், அலையில் இதுவே சரியான அளவு என்பது என் கருத்து. 50 மி.மீ. முகப்பு வில்லை போதிய ஒளியை உள்வாங்குவதால் அந்தி நேரத்திலும் உருவம் தெளிவாகத் தெரிகிறது.

சுறா என்று உடன்வந்தவர்கள் அஞ்சிய துடுப்பு, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த சூரியமீனுடையது என்பதை இதன் வழியே கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு பெரிது. கடல் தரும் காட்சிகளுக்கு எல்லையில்லை: 1992இல் வட பசிபிக்கில் ஒரு கப்பலிலிருந்து விழுந்த கண்டெய்னர்களால் 28,800 குளியலறை பொம்மைகள் மிதக்கத் தொடங்கின, 2012இல் ஹாவர் என்னும் கடலடி எரிமலை கக்கிய நுரைக்கற்கள், மிதக்கும் நிலப்பரப்பைப் போலக் கடல்மீது பரவின.

பொருளின் திசையைப் பார்வைக்குள்ளேயே பாகைகளில் காட்டும் திசைகாட்டியே இதன் தலையாய சிறப்பு; ஆபத்தான மிதவைப் பொருளைப் பற்றிப் பிற கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்ப அது பெரிதும் உதவுகிறது. எடைதான் குறை, நெடுநேரம் ஏந்தினால் கை வலிக்கிறது. நீர்மட்டத்தோடு மூழ்கி மிதக்கும் கண்டெய்னரை அலைகளுக்கிடையே காண்பது இக்கருவியாலும் அரிது என்பதால், வாங்குவோர் இதை ரேடாருடனும் விழிப்பான காவலுடனும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.